ஊரில் கலியாணம் கட்டியவரைக் கனடாவுக்கு எடுப்பது எப்படி

கனடாவில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் மனைவியையோ கணவரையோ எடுப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமான பதில் வரும். சம்பளம் இவ்வளவு இருந்தால்தான் விடுவார்கள் என்று ஒருவர் சொல்வார், வந்த பிறகு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இன்னொருவர் பயமுறுத்துவார். இரண்டும் பிழை. அந்த இரண்டு வருட நிபந்தனை 2012 அக்டோபரில் வந்தது, 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். சம்பள வரம்பு என்பது அப்பா அம்மாவை ஸ்பொன்சர் செய்பவர்களுக்கு (பொறுப்பு நின்று கனடாவுக்கு எடுப்பவர்களுக்கு) உள்ளது. துணைக்கு அது கிடையாது, வருகிறவருடைய பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால் மட்டும் வருமானம் பார்ப்பார்கள்.

நான் பார்த்தவரை, உண்மையான கலியாணம் செய்தவர்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் ஒரு தாள் குறைந்ததால் இல்லை, இரண்டு தாள்கள் இரண்டு கதை சொல்வதால்தான். உங்கள் ஃபைலைத் திறக்கும் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது, தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் என்றால் என்ன என்று தெரியாது, சாதகம் பொருந்தி மூன்று கிழமைக்குள் கலியாணம் நடப்பது எங்கள் ஆட்களுக்குச் சாதாரணம் என்பதும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் அகதிக் கோரிக்கையில் என்ன எழுதினீர்கள், பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) எடுக்கும்போது என்ன சொன்னீர்கள் என்பது அவருடைய கணினியில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதலில், உங்களால் ஸ்பொன்சர் செய்ய முடியுமா

வயது 18 ஆகியிருக்க வேண்டும், குடியுரிமை அல்லது பி.ஆர். இருக்க வேண்டும். பி.ஆர். மட்டும் உள்ளவர் விண்ணப்பம் முடியும்வரை கனடாவில் வசிக்க வேண்டும். ஊருக்குப் போய் ஒரு மாதம் நின்று வருவது வேறு, அங்கேயே தங்கிவிடுவது வேறு. குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் இருந்துகூட விண்ணப்பிக்கலாம், துணை வந்ததும் தானும் கனடாவுக்குத் திரும்பி வருவேன் என்று காட்டினால் போதும்.

வெல்ஃபெயார் (அரசின் சமூக உதவிப் பணம்) எடுத்துக்கொண்டிருந்தால் முடியாது. இயலாமை காரணமாக எடுக்கும் உதவி, வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதி, பிள்ளைகளுக்காக அரசு தரும் பிள்ளைக் காசு இவையெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. வங்குரோத்து அறிவித்து இன்னும் விடுவிக்கப்படாதவர், முந்திய துணைக்கோ பிள்ளைக்கோ நீதிமன்றம் கட்டச் சொன்ன பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பவர், வன்முறை அல்லது பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஆகியோருக்கும் தடை உண்டு.

பலருக்கும் தெரியாத இரண்டு தடைகள் உள்ளன. நீங்களே ஒருவருடைய துணையாக ஸ்பொன்சரில் வந்தவர் என்றால், பி.ஆர். கிடைத்து ஐந்து வருடம் ஆகும்வரை புதிய துணையை எடுக்க முடியாது. முன்பு நீங்கள் ஒருவரை எடுத்துப் பிரிந்துவிட்டீர்கள் என்றால், அவருக்குக் கொடுத்த மூன்று வருடப் பொறுப்பு முடிய வேண்டும். அந்தப் பொறுப்பு விவாகரத்தோடு முடிந்துவிடாது. பிரிந்த பிறகு அவர் போய் அரசிடம் உதவிப் பணம் எடுத்தால் அந்தக் காசை உங்களிடம் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் இதை ஒருதரம் நிதானமாக வாசியுங்கள்.

கலியாணத்துக்கு டிக்கெட் போடும் முன்

இந்தப் பகுதியைத்தான் அதிகம் பேர் பிந்திக் கேட்கிறார்கள்.

நீங்கள் அகதியாக ஏற்கப்பட்டு, பி.ஆர். எடுத்து, இன்னும் குடியுரிமை எடுக்காதவர் என்றால், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து யாழ்ப்பாணத்தில் போய்த் தாலி கட்டிவிட்டு வருவது பெரிய ஆபத்து. எந்த நாட்டுக்குப் பயந்து வந்தீர்களோ அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடியதாக எடுத்து உங்கள் அகதி நிலையை நீக்கக் கேட்கலாம், 2012 டிசம்பருக்குப் பிறகு அப்படி நீக்கினால் பி.ஆர். உம் சேர்ந்தே போய்விடும். மனைவியை எடுக்கப் போனவர் தன்னுடைய இருப்பையே இழந்து நிற்பார். அதனால்தான் எத்தனையோ பேர் அகதிப் பயணப் பத்திரத்தோடு திருச்சியிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ கலியாணத்தை வைத்தார்கள். இல்லையென்றால் குடியுரிமை எடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும், பரவாயில்லை.

இந்தியாவில் வைப்பவர்களுக்கு: கோயிலில் தாலி கட்டிய ரசீது மட்டும் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். கலியாணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படியும் செல்ல வேண்டும், கனடாச் சட்டப்படியும் செல்ல வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு எந்தச் சட்டத்தின் கீழ் பதிவார்கள், எத்தனை நாள் அங்கே நிற்க வேண்டும் என்பதை மண்டபம் புக் பண்ணும் முன் விசாரியுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் என்றால் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் இருந்திருக்க வேண்டும், அறிவித்தல் கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் பொறுக்க வேண்டும். இரண்டு கிழமை லீவில் வந்தவருக்கு அது சரிவராது.

சூமில் கலியாணம் எழுதுவது, ஆள் இல்லாமல் பிரதிநிதி வைத்து எழுதுவது எல்லாம் 2015 ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்த விண்ணப்பத்தில் செல்லாது. மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் நேரில் நின்றிருக்க வேண்டும். வருகிற துணைக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

இருவரில் எவருக்காவது முதல் கலியாணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு கையில் வந்த பிறகே அடுத்ததை எழுதுங்கள். கனடாவில் விவாகரத்துக்கு வழக்கமாக ஒரு வருடம் பிரிந்திருந்ததைக் காட்ட வேண்டும். பிரிந்து பத்து வருடம் ஆகிவிட்டது, ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பது பத்திரம் ஆகாது.

எழுத்துக் கலியாணம் செய்யாமல் ஒன்றாக வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம், தொடர்ந்து 12 மாதம் ஒரே வீட்டில் இருந்திருந்தால். எங்கள் ஆட்களில் இது குறைவு, அதனால் இதோடு விடுகிறேன்.

உள்ளே இருந்தா, வெளியே இருந்தா

துணை இப்போது கனடாவிலேயே உங்களோடு இருந்தால் உள்ளே இருந்து போடலாம். அதில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வசதி உண்டு. ஆனால் இடையில் நாட்டை விட்டுப் போய்த் திரும்பி உள்ளே வர முடியாமல் போனால் விண்ணப்பமும் போய்விடும், மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் கிடையாது, சமஷ்டி நீதிமன்றம்தான். வெளியே இருந்து போட்டால் அந்த மேன்முறையீட்டு உரிமை உண்டு. துணை கனடாவில் இருக்கும்போதும் வெளியே போடும் வகையில் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஊரில் யாராவது சாகக் கிடக்கிறார்கள், அவசரமாகப் போய்வர வேண்டி வரும் என்றால் அந்த வழியே நல்லது.

துணை ஊரில் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, வெளியேதான்.

படிவங்கள்

எல்லாம் இணையத்தில், குடிவரவுத் திணைக்களத்தின் பி.ஆர். போர்ட்டலில். முதலில் ஐ.எம்.எம். 5533 என்ற பட்டியலை இறக்கி அச்செடுத்து மேசையில் வையுங்கள், உங்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது. 1344 ஸ்பொன்சர் செய்பவருடைய ஒப்பந்தம். 0008, 5669, 5406 மூன்றும் வருகிறவருடைய விபரம், பின்னணி, குடும்பம். 5532 உங்கள் இருவரின் உறவு பற்றியது, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

5669 இல் கடந்த பத்து வருடக் கதையை மாதக் கணக்கில் கேட்பார்கள், ஒரு மாதமும் விடக்கூடாது. ஊரில் ஏ.எல். (பள்ளியின் உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு மூன்று வருடம் வீட்டில் இருந்த பிள்ளைக்கு எழுத என்ன இருக்கிறது என்று அந்த மூன்று வருடத்தையும் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருந்தார், வேலை இல்லை, அம்மாவுக்கு உதவியாக இருந்தார் என்றே எழுதுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதே படிவம் இராணுவம், இயக்கம், அமைப்புகள், தடுத்து வைக்கப்பட்டது பற்றியும் கேட்கும். 2009 க்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில் இருந்த கணவரை எடுக்கிறீர்கள் என்றால் இந்த இடத்தில் நீங்களாக எதையும் எழுதவோ மறைக்கவோ வேண்டாம், படிவத்தைத் தொடும் முன்பே சட்டத்தரணியிடம் போங்கள். பொய் சொல்லி அகப்பட்டால் ஐந்து வருடத் தடை.

குடும்பப் படிவத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எழுத வேண்டும், கூட வராத பிள்ளையையும், முந்திய உறவில் பிறந்து வேறு வீட்டில் வளரும் பிள்ளையையும். இன்று எழுதாமல் விட்ட பிள்ளையை நாளைக்கு எடுக்கப் போனால், குடும்ப வகுப்பில் (உறவினரை எடுக்கும் பிரிவில்) அந்தப் பிள்ளை சேராது என்று சட்டம் சொல்கிறது. இதே சட்டம் இன்னொரு பக்கமும் வெட்டும்: நீங்கள் கனடாவுக்கு பி.ஆர். ஆக இறங்கும்போது கலியாணம் ஆகியிருந்தும் தனியாள் என்று சொல்லியிருந்தால், இப்போது அந்த மனைவியை எடுப்பது மிகவும் கஷ்டம். சில விலக்குகள் இருக்கின்றன, ஆனால் அது சட்டத்தரணி பார்க்க வேண்டிய வேலை.

பெயர் விஷயம் எங்கள் ஆட்களுக்கென்றே வாய்த்த தலையிடி. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, விவாகப் பதிவில் முன்னெழுத்து மட்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து ஆரம்பத்திலேயே வைத்துவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை பார்த்திருக்காதீர்கள். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பத்திரம் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதை வீட்டுக்காரர் செய்யக்கூடாது, தங்கச்சி இங்கிலீஷ் ரீச்சராக இருந்தாலும்.

பொலிஸ் சான்றிதழ், இப்போது இருக்கும் நாட்டிலிருந்தும், கடந்த பத்து வருடத்தில் 18 வயதுக்குப் பிறகு தொடர்ந்து ஆறு மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். கட்டாரில் இரண்டு வருடம் வேலை செய்த மாப்பிள்ளை, தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்த பொம்பிளை, இவர்களுக்கெல்லாம் இது இழுக்கும். முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

உங்கள் பக்கத்தில் வரிப் பத்திரம் ஒன்று கேட்பார்கள். கலியாணம் கட்டியதை வரித் திணைக்களத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் அறிவிக்க வேண்டும், துணை வெளிநாட்டில் இருந்தாலும். பிள்ளைக் காசு குறைந்துவிடும் என்று வரியில் தனியாள், ஸ்பொன்சரில் கலியாணமானவர் என்று இரண்டு கணக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு கதை என்பது இதுதான்.

உறவைக் காட்டுவது

ஒரு கலியாணம் உண்மையானதாக இல்லை என்று தோன்றினாலோ, கனடாவுக்கு வருவதே அதன் முதன்மை நோக்கம் என்று தோன்றினாலோ, இரண்டில் ஒன்று போதும் மறுப்பதற்கு. அதனால் 5532 படிவத்தை அரை வரியில் நிரப்பாதீர்கள். எப்படிச் சந்தித்தீர்கள் என்ற கேள்விக்கு 'பெற்றோர் பேசிச் செய்தார்கள்' என்று மட்டும் எழுதினால் அது பதில் இல்லை. யார் முதலில் பேச்செடுத்தது, அந்த மாமி யாருக்கு என்ன முறை, சாதகம் யார் பார்த்தது, எத்தனை வீதம் பொருத்தம் என்று சொன்னார், முதல் போன் கோல் எப்போது, அதில் என்ன கதைத்தீர்கள், இந்தச் சம்பந்தத்துக்கு நீங்கள் ஏன் ஓம் சொன்னீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எங்கள் ஆட்கள் பதில் எழுதுவதே இல்லை. 'நான் இரவு வேலை, அவளும் மருத்துவமனையில் இரவு வேலை செய்தவள், அந்த நேரத்தில் எங்களுக்குக் கதைக்க முடிந்தது' என்ற ஒரு வரி, 'அவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை' என்ற பத்து வரியைவிடப் பெறுமதி.

வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் அதை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லுங்கள். பொம்பிளை மாப்பிள்ளையைவிட ஆறு வயது மூத்தவர், ஒருவருக்கு இது இரண்டாம் கலியாணம், சமயம் வேறு, கலியாணத்துக்கு மாப்பிள்ளையின் தகப்பன் வரவில்லை, ஐம்பது பேர்தான் வந்தார்கள், நான்காம் சடங்கு செய்யவில்லை. இதில் எதுவும் குற்றம் இல்லை. ஆனால் எங்கள் வழக்கம் ஓரளவு தெரிந்த அதிகாரி இவற்றைத்தான் கவனிப்பார். அப்பாவுக்கு பைபாஸ் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னார், இதோ கடிதம் என்று வைத்துவிட்டால் அந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது.

படம் அதிகபட்சம் 20, வட்ஸ்அப் உரையாடல் போன்றவை 10 பக்கம் என்று பட்டியலிலேயே போட்டிருக்கிறார்கள். ஆயிரம் படம் உள்ள கலியாண அல்பத்திலிருந்து இருபதை எடுப்பது சிரமம்தான், ஆனாலும் மேடையில் இருவரும் சிலைபோல நிற்கிற படம் இரண்டு போதும். மிச்சத்தில் பதிவு எழுதும்போது கையெழுத்து வைக்கும் படம், இரு பக்கத்துச் சனமும் சாப்பாட்டுப் பந்தியில் இருப்பது, கலியாணத்துக்குப் பிறகு வேறு வேறு நாட்களில் வேறு வேறு உடுப்பில் வெளியே போனது என்று வரட்டும். ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், யார் யார் என்று ஒரு வரி. உரையாடலிலும் 'ஐ லவ் யூ' நிறைந்த பக்கங்களைத் தேடாதீர்கள். வாடகை கூடிவிட்டது, அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்துவிட்டது, மின்கட்டணம் கட்டினாயா என்று புருசன் பெண்சாதி கதைக்கிற கதைதான் நம்பிக்கை தரும். கலியாணத்துக்கு முந்தியது, பிந்தியது, போன மாதத்தது என்று பல காலத்திலிருந்தும் எடுங்கள்.

காசு அனுப்புவது பற்றி ஒன்று. உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம் காசு அனுப்பும் முறையில்) போட்டால் ரேட் நல்லது, அடுத்த நாளே வீட்டில் கொடுப்பார்கள், எல்லாம் சரி. ஆனால் துண்டு ஒன்றும் மிஞ்சாது. சிறு தொகையாக இருந்தாலும் மனைவியின் பெயருக்கு வங்கி மூலம் மாதாமாதம் அனுப்புங்கள்.

கலியாணம் கட்டிப் பத்தாம் நாள் விமானம் ஏறியவர் முடிந்தால் இன்னொருதரம் போய் வாருங்கள். எந்தக் கடிதமும் அந்தப் பயணத்தின் இரண்டு முத்திரைகளுக்கு ஈடில்லை.

எவ்வளவு செலவு, யாரிடம் கொடுப்பது

2024 ஏப்ரல் 30 இல் வைத்த கணக்கில் ஸ்பொன்சர் கட்டணம் 85 டொலர், விண்ணப்பம் 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575, மொத்தம் 1,205 ஆக இருந்தது. கைவிரல் அடையாளத்துக்கு இன்னொரு 85. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டணத்தை ஏற்றுவார்கள், அதனால் கட்டும் அன்று திணைக்களத்தின் பக்கத்தில் பார்த்துக் கட்டுங்கள். மறுத்தால் அந்த வதிவிட உரிமைக் கட்டணம் திரும்பி வரும். மெடிக்கல், பொலிஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்பு வேறு.

சிக்கல் இல்லாத ஃபைலை நீங்களே போடலாம், நான் அப்படித்தான் சொல்வேன். காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் சட்டத்தரணி, ஒன்ராறியோ சட்டச் சங்கத்தில் பதிந்த பராலீகல் (சட்டத்தரணி அல்லாத சட்டப் பணியாளர்), அல்லது குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் பதிந்த ஆலோசகர், இவர்களிடம் மட்டும் (கியூபெக்கில் நொத்தாரிசும் செய்யலாம்). பெயரைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், இணையத்திலேயே இருக்கிறது. கடைக்குப் பின்னால் மேசை போட்டு, 'உங்கள் பெயரிலேயே போடுகிறேன், என் பெயரைக் காட்ட வேண்டாம்' என்பவரிடம் கொடுத்தால், அவர் எழுதிய பொய்க்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எவரிடம் கொடுத்தாலும் அனுப்பிய முழு விண்ணப்பத்தின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மொன்றியலில் இருப்பவர்களுக்கு இது பாதி வழிதான். கியூபெக் மாகாணத்துக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம் உண்டு, எண்ணிக்கைக்கும் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். காலம் கூட எடுக்கும்.

அனுப்பிய பிறகு

முதலில் விண்ணப்பம் கிடைத்தது என்று ஃபைல் நம்பரோடு ஒரு கடிதம் வரும். பிறகு நீங்கள் தகுதியானவரா என்று பார்ப்பார்கள், துணைக்குக் கைவிரல் அடையாளம், மெடிக்கல் என்று வரிசையாக வரும். மெடிக்கலைத் திணைக்களத்தின் பட்டியலில் உள்ள டொக்டரிடம்தான் செய்யலாம், ஒரு வருடம் செல்லும், விசாவின் முடிவுத் திகதியும் அநேகமாக அதையொட்டியே வரும். மொத்தமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு முந்தும், பாதுகாப்புப் பரிசோதனையில் சிக்கினால் நன்றாகப் பிந்தும். கேட்கும் கடிதத்துக்கெல்லாம் நாள் குறித்திருப்பார்கள், ஜங்க் மெயிலையும் பாருங்கள்.

இடையில் விசிட் விசாவுக்கும் போடலாம். ஸ்பொன்சர் ஓடிக்கொண்டிருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டு எண்ணமும் ஒன்றாக இருக்கலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

காத்திருக்கும் காலத்தில் பிள்ளை பிறந்தால் உடனே அறிவியுங்கள். நீங்கள் இங்கே குடியுரிமை எடுத்தவர் என்றால் வெளியே பிறந்த அந்தப் பிள்ளை பிறக்கும்போதே கனடியர், அதற்குக் குடியுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பி.ஆர். மட்டும் என்றால் பிள்ளையையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். அறிவிக்காமல் தாய் மட்டும் வந்து இறங்கினால் மேலே சொன்ன சிக்கல் பிள்ளைக்கு வரும்.

இன்டர்வியூ எல்லாருக்கும் வராது. வந்தால் தமிழிலேயே கேட்கச் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் எங்கே வேலை, எத்தனை மணிக்குப் போவார், வீட்டில் யார் யார், கலியாணத்தன்று மழையா வெயிலா என்ற மாதிரிக் கேள்விகள்தான். பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்வது பரவாயில்லை, இருவரும் ஒரே வசனத்தை ஒரே மாதிரி ஒப்புவிப்பதுதான் கண்ணில் குத்தும்.

மறுத்துவிட்டால்

வெளியே இருந்து போட்ட விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள் ஸ்பொன்சர் செய்தவர் மேன்முறையீடு செய்யலாம். அதில் புதிய ஆதாரம் வைக்கலாம், இருவரும் சாட்சி சொல்லலாம், ஊரில் இருப்பவர் வீடியோவிலோ போனிலோ. ஐந்து டொலர் கட்டினால் உங்கள் ஃபைலில் அதிகாரி எழுதிய குறிப்புகளையே எடுத்துப் பார்க்கலாம், அதைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். திரும்ப விண்ணப்பிக்கவும் தடையில்லை, ஆனால் அதே தாள்களையே திருப்பி அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

வந்து இறங்கியதும்

விமான நிலையத்தில் பி.ஆர். உறுதிப்பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போது வீட்டு முகவரியைச் சரியாகக் கொடுங்கள், அட்டை தபாலில் அந்த முகவரிக்குத்தான் வரும். அது வரும்வரை ஊருக்கு அவசரமாகத் திரும்பிப் போகாமல் இருப்பது நல்லது, போனால் திரும்பி வரத் தனிப் பத்திரம் எடுக்க வேண்டும். சின் நம்பரை (சமூகக் காப்புறுதி எண்) அன்றைக்கே எடுக்கலாம். ஒன்ராறியோவில் சுகாதார அட்டைக்கு முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 இல் எடுபட்டது, அதனால் முதல் கிழமையே போய்ப் பதியுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு இலவசம், குழந்தை பார்க்கும் வசதியோடும் சில இடங்களில் உண்டு. ஆனால் இடம் கிடைக்கச் சுணங்கும், மட்டம் பார்க்கும் சோதனைக்கு வந்த கையோடு பெயர் கொடுத்துவிடுங்கள்.